அளவு ஜாக்கெட்

என் அம்மா மன்னார்குடியில் முப்பது வருடம் ஜாக்கெட் தைத்தவர். துணியோடு வருகிறவர்களிடம் அவர் முதலில் கேட்பது, "அளவு ஜாக்கெட் கொண்டாந்திருக்கியாம்மா?" என்றுதான். இல்லையென்றால் இஞ்ச் டேப்பை எடுப்பார். இரண்டுக்கும் வழியில்லாமல், "உங்களுக்குத் தெரியாததா, ஒரு குத்துமதிப்பா தச்சுக் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களின் துணி, அவர்கள் திரும்பி வருகிறவரை மடித்தது மடித்தபடியே அலமாரியில் இருக்கும். கத்திரி வைத்த துணி பழையபடி ஆகாது. அந்தத் தொழிலில் முதல் பாடமே அதுதான்.

அந்த வீட்டில் வளர்ந்த நான், லேப்டாப் வாங்குகிற விஷயத்தில் இரண்டு முறை அளவெடுக்காமல் கத்திரி வைத்துக் கெடுத்தேன். முதல் தவறுக்கு நான் விலை கொடுத்தேன். இரண்டாவது தவறுக்கு என் அக்கா கொடுத்தாள். அந்த இரண்டாவதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் முதலாவதைச் சொல்லாமல் அது புரியாது.

கும்பகோணத்தில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்வது என் பிழைப்பு. பதினேழு வருடமாகிறது. போட்டோகிராபர்கள் ஹார்ட் டிஸ்க்கில் இரண்டாயிரம், மூவாயிரம் படங்களைக் கொண்டுவந்து தருவார்கள். அதில் நல்லதைப் பொறுக்கி, நிறம் திருத்தி, கரிஷ்மா ஆல்பத்துக்கு ஷீட் ஷீட்டாக அடுக்கித் தரவேண்டும். ஷீட் கணக்கில்தான் கூலி. 16 ஜிபி ரேம் போட்ட ஒரு டெஸ்க்டாப்பில் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

2021 ஆனி மாதம் அம்மா கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபிறகும் பக்கத்தில் ஆள் வேண்டியிருந்தது. அக்காவும் நானும் வாரத்தைப் பிரித்துக்கொண்டோம். வியாழன் முதல் ஞாயிறு வரை மன்னார்குடி என்று ஆனதும், கும்பகோணத்து வீட்டில் இருக்கும் டெஸ்க்டாப்பை நம்பி வேலை ஒத்துக்கொள்ள முடியவில்லை. கையோடு தூக்கிப்போக ஒரு லேப்டாப் தேவைப்பட்டது.

ஆடித் தள்ளுபடி சமயத்தில் கடைக்குப் போனேன். ஒரே கம்பெனி, ஒரே பிராசஸர், ஒரே 512 ஜிபி எஸ்எஸ்டி, ஒரே நிறத்தில் இரண்டு லேப்டாப்புகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றில் 8 ஜிபி ரேம், மற்றதில் 16. வித்தியாசம் 7,500 ரூபாய். கடைப்பையன் சொன்னது இன்றும் நினைவிருக்கிறது: "மேடம், 512 இருக்கு, மெமரி தாராளம். போட்டோ எவ்வளவு வேணாலும் வெச்சுக்கலாம். ரேம் எட்டு போதும். பத்தலைன்னா பின்னாடி ஒண்ணு வாங்கிப் போட்டுக்கலாம், ரெண்டாயிரத்துக்குள்ள முடிஞ்சிடும்."

நம் பேச்சில் மெமரி என்ற சொல் இரண்டு பொருள்களுக்குப் பொதுவாகிவிட்டது. போனில் படம் எடுக்க இடமில்லையென்றால் "மெமரி ஃபுல்" என்கிறோம். அது படங்களை வைத்திருக்கும் சேமிப்பு. ரேம் என்பது வேறு. வேலை நடக்கும்போது கையில் விரித்து வைத்துக்கொள்ளும் இடம் அது. கரன்ட் போனால் அதில் இருந்ததெல்லாம் போய்விடும். அம்மாவின் தையல் அறையில் ஒரு பீரோவும் ஒரு கட்டிங் மேசையும் உண்டு. பீரோவில் நூறு துணி அடுக்கலாம். ஆனால் ஒரு நேரத்தில் எதை விரித்து வெட்ட முடியும் என்பதை மேசைதான் தீர்மானிக்கும். பீரோ எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மேசை அகலமாகாது.

இது எனக்குத் தெரியாமலில்லை. கடைப்பையனுக்கு என் தொழில் தெரியாது, எனக்குத் தெரியும். போட்டோஷாப் எவ்வளவு ரேம் கேட்கும் என்று வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பவள் நான். ஆஸ்பத்திரிச் செலவு கையைக் கடித்துக்கொண்டிருந்த நேரத்தில், "எட்டு போதும்" என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று காத்திருந்தேன். அவன் சொன்னான், பிடித்துக்கொண்டேன். வீட்டில் இருந்த டெஸ்க்டாப்பைத் திறந்து, வேலை நடக்கும்போது உண்மையில் எத்தனை ஜிபி போகிறது என்று பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. பார்த்தால் பதினாறுதான் வாங்கவேண்டியிருக்கும் என்று உள்ளுக்குள் தெரிந்ததாலேயே பார்க்கவில்லை.

ஒரு ஷீட் எவ்வளவு இடம் கேட்கும் என்பதைக் கணக்காகவே சொல்லிவிடுகிறேன். கரிஷ்மா ஆல்பத்தில் பரவலாக உள்ள அளவு 12-க்கு 36 அங்குலம். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். அப்படியானால் 3,600-ஐ 10,800-ஆல் பெருக்க, 3 கோடியே 88 லட்சத்து 80 ஆயிரம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட். வெறும் வெள்ளை ஷீட்டைத் திறந்த உடனேயே போட்டோஷாப் கீழ் மூலையில் 111.2 எம்பி என்று காட்டும். அதன்மேல் பின்னணி, முகூர்த்தப் படம், ஓரத்தில் சின்னச் சின்னப் படங்கள், பூ அலங்காரம், எழுத்து என்று ஒவ்வொன்றும் ஒரு லேயர். ஷீட் முடியும்போது அந்த மூலையில் ஒன்றரை ஜிபி நிற்பது சாதாரணம்.

படங்களின் கதையும் இதேதான். 24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த ஜேபெக் படம் ஹார்ட் டிஸ்க்கில் பத்து எம்பி அளவில்தான் இருக்கும். ஜேபெக் என்பது சுருக்கி மடித்து வைத்த வடிவம். திறந்தால் மடிப்பெல்லாம் விரிந்து, 69 எம்பி ஆகிவிடும். இருபது படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எது நன்றாக இருக்கிறது என்று பார்த்தால் அதற்கே 1.4 ஜிபி. இதுபோக, தப்பாகச் செய்ததைத் திருப்பி எடுப்பதற்காக போட்டோஷாப் கடைசி ஐம்பது செயல்களை நினைவில் வைத்துக்கொள்கிறது. விண்டோஸும் பின்னால் ஓடுகிற மற்றவைகளும் சேர்ந்து மூன்று, நான்கு ஜிபியை எடுத்துக்கொள்ளும். படம் காட்டுகிற கிராபிக்ஸ் சிப்புக்கும் என் லேப்டாப்பில் தனி மெமரி கிடையாது. அதுவும் இதே ரேமிலிருந்துதான் பங்கு எடுக்கும். எட்டில் எனக்கு மிஞ்சியது நான்கு.

ரேம் நிரம்பிவிட்டால் கம்ப்யூட்டர் நின்றுபோகாது. அங்கேதான் நாம் ஏமாந்துவிடுகிறோம். மேசையில் இடமில்லாதபோது ஒரு துணியை மடித்து பீரோவில் வைத்துவிட்டு அடுத்ததை விரிப்பதுபோல, ரேமில் உள்ளதை எஸ்எஸ்டிக்கு மாற்றி, தேவைப்படும்போது திரும்பக் கொண்டுவரும். விண்டோஸ் இதற்கென்று ஒரு பேஜ் ஃபைல் வைத்திருக்கிறது. போட்டோஷாப் தன் பங்குக்கு ஸ்க்ராட்ச் டிஸ்க் என்று எஸ்எஸ்டியில் இடம் பிடித்துக்கொள்கிறது. ஆனால் ரேமிலிருந்து ஒன்றை எடுக்க ஆகும் நேரத்தைப்போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு, எஸ்எஸ்டியிலிருந்து எடுக்க ஆகும். வேலை நடக்கும், ஆனால் ஒவ்வொரு அசைவும் ஊர்ந்து ஊர்ந்து நடக்கும். ஒருநாள் பொறுக்காமல் நோட்டில் குறித்துப் பார்த்தேன். காலையிலிருந்து இரவு வரை, அந்த நீல வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நான் சும்மா உட்கார்ந்திருந்தது ஒரு மணி ஐம்பது நிமிடம்.

2022 வைகாசியில் கல்யாணங்கள் குவிந்தன. கொரோனாவால் தள்ளிப்போனதெல்லாம் சேர்ந்து வந்தது. கையில் நான்கு ஆல்பங்கள். ரேமை மிச்சம்பிடிக்க நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒரு ஷீட் முடிந்ததும் எல்லா லேயரையும் ஒன்றாக்கி, ஃப்ளாட்டன் செய்து சேமித்துவிடுவது. ஒன்றரை ஜிபி 111 எம்பி ஆகிவிடும். லேப்டாப் மூச்சு விடும். லேயர்களோடு ஒரு பிரதி வைத்திருக்கவேண்டும் என்பது இந்தத் தொழிலில் பாலபாடம். ஆனால் எஸ்எஸ்டியில் பாதியைப் படங்களும் மீதியை ஸ்க்ராட்ச் டிஸ்க்கும் பிடித்துக்கொண்டதால், அதற்கும் இடமில்லாமல் போயிருந்தது.

ஒரு ஆல்பம் பார்வைக்குப் போய்த் திரும்பி வந்தது. ஊஞ்சல் ஷீட்டில் பெண்ணின் பாட்டி கண்ணை மூடியிருக்கிறார், வேறு படம் வைக்க வேண்டும் என்றார்கள். நியாயமான கோரிக்கை. பாட்டியின் கண் திறந்த படமும் இருந்தது. ஆனால் என்னிடம் இருந்தது ஒட்டிப்போன ஒரே படம். பாட்டியின் முகத்தின்மேல் பூச்சரத்தின் நிழல், அதன்மேல் ஊஞ்சல் சங்கிலி, எல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டன. முதலிலிருந்து செய்ய உட்கார்ந்தேன். மன்னார்குடி வீட்டில், அம்மா பக்கத்து அறையில் தூங்க, இரவு பத்து மணிக்குத் தொடங்கினேன். இரண்டரை மணிக்குச் சேமிக்கப் போனபோது, ஸ்க்ராட்ச் டிஸ்க் நிரம்பிவிட்டது, செய்ய முடியாது என்று ஒரு சின்னப் பெட்டி வந்தது. பிறகு போட்டோஷாப் மூடிக்கொண்டது. நாலரை மணிநேர வேலை ரேமில்தான் இருந்தது. ரேமோடு போய்விட்டது.

அந்த ஆல்பம் ஐந்து நாள் தாமதமானது. அதைக் கொடுத்த போட்டோகிராபர் கோபப்படவில்லை. அடுத்த முகூர்த்தத்திலிருந்து வேறொருவரிடம் வேலை கொடுக்கத் தொடங்கினார். ஆறு வருடம் எனக்கு வேலை கொடுத்தவர் அவர்.

சரி, பின்னாடி ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று சொன்னார்களே, அதையாவது செய்வோம் என்று சர்வீஸ் செய்கிற தம்பியிடம் எடுத்துப்போனேன். பின்மூடியில் இருந்த பத்து ஸ்க்ரூவையும் கழற்றி, மூடியை எடுத்துவிட்டு, சிறிய டார்ச்சை அடித்துக் காட்டினான். பச்சை போர்டின்மேல், பிராசஸருக்குப் பக்கத்தில், கறுப்பாகச் சின்னச் சின்னச் சதுரங்கள். "இதுதான் அக்கா உங்க ரேம். போர்டோட சால்டர் பண்ணியிருக்கு. இதுல ஸ்லாட்டே கிடையாது. போட முடியாது."

அவன் மூடியைப் பூட்டி, லேப்டாப்பை ஆன் செய்து, இன்னொன்றையும் காட்டினான். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ், அதற்குள் மெமரி. ஃபார்ம் ஃபேக்டர் என்ற வரியில் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தது. கழற்றி மாட்டுகிற ரேமாக இருந்தால் அந்த இடத்தில் 'எஸ்ஓடிஐஎம்எம்' என்று இருக்குமாம். "வாங்கறதுக்கு முன்னாடி கடையிலயே இதைத் திறந்து பாத்திருக்கலாம்க்கா." ஸ்க்ரூவை எண்ணி மாட்டிக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னான்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்பதற்குக் காரணம் உண்டு. எல்பிடிடிஆர் என்ற வகை ரேம் குறைந்த மின்சாரத்தில் ஓடும், மெலிதாக இருக்கும். பிராசஸருக்கு நெருக்கமாகப் பதித்தால் வேகமும் கிடைக்கும். ஆப்பிள் 2012-இல் கொண்டுவந்த ரெட்டினா மேக்புக் ப்ரோவிலேயே ரேமைப் போர்டோடு பதித்துவிட்டது. மெல்லிய லேப்டாப்புகள் பலவும் அந்த வழிக்குப் போய்விட்டன. சிலவற்றில் பாதி பதித்ததும் பாதிக்கு ஸ்லாட்டும் இருக்கும். எது எப்படி என்பதை மாடல் மாடலாகப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். தைத்தபின் பிரித்துத் தளர்த்துவதற்கென்று அம்மா ஜாக்கெட்டின் பக்கத்தையலில் அரை அங்குலம் விட்டுத் தைப்பார். என் லேப்டாப்பில் அந்த அரை அங்குலம் இல்லை.

2023-இல் அதை விற்றேன். வாங்கியவர் ஒரு ஆரம்பப் பள்ளி ஆசிரியை. கேள்வித்தாள் தட்டுவார், மதிப்பெண் பட்டியல் போடுவார், பிள்ளைகள் பாடம் பார்ப்பார்கள். என்னைப் படாதபாடு படுத்திய அதே லேப்டாப் இன்றுவரை அவர் வீட்டில் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. இதைக் கேள்விப்பட்டபோதே நான் யோசித்திருக்க வேண்டும். கெட்ட லேப்டாப் என்று ஒன்று இல்லை, அது என் அளவுக்குத் தைத்ததல்ல என்பது அப்போதே பிடிபட்டிருக்க வேண்டும். பிடிபடவில்லை. எனக்கு இருந்ததெல்லாம் சூடுபட்ட ஆத்திரம். நேராகப் போய் 32 ஜிபி வாங்கினேன். அளந்து பார்த்து வாங்கவில்லை. என் வேலைக்கு அது சரியாக அமைந்துவிட்டது, அவ்வளவுதான். அமைந்துவிட்டதால் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று நம்பத் தொடங்கினேன்.

இப்போது இரண்டாவது தவறு.

2024 ஜூனில் அக்கா மகள் தஞ்சாவூரில் பி.காம். சேர்ந்தாள். லேப்டாப் வாங்கவேண்டும் என்றதும் அக்கா என்னைத்தான் கேட்டாள். வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்தவள் நான்தானே. அக்காவிடம் சீட்டு எடுத்த பணம் அறுபதாயிரம் இருந்தது. நான் ஒரு வார்த்தையும் யோசிக்கவில்லை. "முப்பத்திரண்டு ஜிபிக்குக் குறைஞ்சு வாங்கவே வாங்காதே. நான் பட்டது போதும்" என்றேன். அந்த விலைக்கு அருகில் 32 ஜிபியோடு கிடைத்தது ஒரு கேமிங் லேப்டாப். 95,000 ரூபாய். மேற்கொண்டு வேண்டிய முப்பத்தைந்தாயிரத்துக்கு அக்கா தன் சங்கிலியைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்தாள். அப்போது நானும் கூடத்தான் போனேன்.

ஒரு வருடம் கழித்து, ஆல்பம் அச்சு விஷயமாகத் தஞ்சாவூர் போகவேண்டியிருந்தது. காலை பஸ்ஸில் அக்கா மகளும் ஏறினாள். உட்கார இடமில்லை. பாபநாசம் தாண்டுவதற்குள் பையை நாலு தடவை தோள் மாற்றிவிட்டாள். கொடு என்று நான் வாங்கினேன். கை கீழே இறங்கிவிட்டது.

"என்னம்மா இது, கல்லு மாதிரி கனக்குது?"

"லேப்டாப்தான் சித்தி. சார்ஜரோட சேத்து மூணு கிலோ வரும்."

"சார்ஜரை எதுக்குத் தூக்கிட்டுப் போறே?"

"அது இல்லாம ரெண்டு மணி நேரம்கூட நிக்காது. கிளாஸ்ல இருக்கறது ரெண்டு பிளக் பாயின்ட். அதனால முக்காவாசி நாள் வீட்லயே வெச்சுட்டுப் போயிடுவேன். இன்னைக்கு பிரசன்டேஷன், அதான்."

பஸ் அய்யம்பேட்டை தாண்டும்வரை நான் பேசவில்லை. ஒரு வருடத்தில் இதை அவள் ஒருமுறைகூடச் சொல்லவில்லையே என்று கேட்டேன். "நீங்க ஆசையா சொல்லி வாங்கினது சித்தி. எப்படிச் சொல்றது" என்றாள்.

அன்று மாலை அக்கா வீட்டுக்குப் போய், அந்த லேப்டாப்பைத் திறக்கச் சொன்னேன். காலேஜ் வேலைக்கு எதையெல்லாம் திறப்பாளோ எல்லாவற்றையும் ஒன்றாகத் திறக்கச் சொன்னேன். டேலி, எக்செல், வேர்ட், பிரவுசரில் பதினொரு டேப், அதில் ஒன்றில் வீடியோ வகுப்பு. டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைப் பார்த்தேன். 31.7-இல் 7.2 ஜிபி. ரேம் அதிகமாக இருந்தால் விண்டோஸும் பிரவுசரும் கொஞ்சம் தாராளமாகவே எடுத்துக்கொள்ளும். அதையும் சேர்த்துத்தான் 7.2. ஒரு வாரம் தினமும் உச்சத்தைக் குறித்துத் தரச் சொன்னேன். ஒன்பதைத் தாண்டவே இல்லை.

பதினாறு ஜிபி அவளுக்குத் தாராளமாகப் போதும். அது சீட்டுப் பணத்துக்குள்ளேயே முடிந்திருக்கும். கனம் பாதியாகியிருக்கும். நாள் முழுக்க பேட்டரி நின்றிருக்கும். அவளுக்கு வேண்டியிருந்தது அகலமான மேசை அல்ல, தூக்கிப்போக வசதியான மேசை. என் அளவு ஜாக்கெட்டைக் கொடுத்து அவளுக்குத் தைத்துவிட்டேன். 2021-இல் வாங்கத் தவறியதை 2024-இல் அவள் தலையில் வாங்கி வைத்திருக்கிறேன்.

அக்காவிடம் சொன்னேன். "நான் தப்பா சொல்லிட்டேன்க்கா. சங்கிலியை அடகு வெச்சிருக்கவே வேண்டாம்." அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்காமலே சொன்னாள்: "அவ என்ன படிக்கப் போறா, அதுல என்ன பண்ணுவாங்கன்னு நீ கேக்கவே இல்லையேன்னு அன்னைக்கே நெனச்சேன்டி. உனக்குத் தெரியாததான்னு விட்டுட்டேன்."

உனக்குத் தெரியாததா. அம்மா யார் சொல்லக் கேட்டாலும் கத்திரி எடுக்காமல் துணியை மடித்து வைத்துவிடுவாரே, அதே வார்த்தை. நம்பிக்கையோடு வந்த அந்த வார்த்தையை வாங்கிக்கொண்டு நான் கத்திரி வைத்தேன். கடைப்பையனை நாலு வருடம் மனதுக்குள் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்காமல் "எட்டு போதும்" என்றான் அவன். என்ன படிக்கிறாய் என்று கேட்காமல் "முப்பத்திரண்டுக்குக் குறையாதே" என்றேன் நான். எண்தான் வேறு.

அந்தத் தவறை முடிந்தவரை சரிசெய்தேன். சீசனில் எனக்கு உதவிக்கு வருகிற பெண்ணுக்கு ஒரு லேப்டாப் தேவைப்பட்டது. அந்த கேமிங் லேப்டாப்பை நானே எடுத்துக்கொண்டு, வாங்கிய விலையைக் கொடுத்து, சங்கிலியை வட்டியோடு மீட்டுத் தந்தேன். அக்கா மகள் தனக்கு ஒன்றே கால் கிலோவில் 16 ஜிபி லேப்டாப் ஒன்றைத் தானே பார்த்துத் தேர்ந்தெடுத்தாள். இதெல்லாம் 2025 கடைசிக்கு முன்பே முடிந்தது நல்லதாயிற்று. அந்தக் கடைசி மாதங்களில் செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்களின் தேவையால் ரேம் விலை எகிறிவிட்டது. மைக்ரான் நிறுவனம் 2025 டிசம்பரில், குரூஷியல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு ரேம் விற்றுவந்த தொழிலையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. தேவைக்குக் குறைவாக வாங்குவது, அதிகமாக வாங்குவது இரண்டுமே இப்போது முன்னைவிட அதிகம் வலிக்கும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். ரேமை அளக்க நான் இப்போது செய்வது இதுதான். வேலை மிக அதிகமாக இருக்கும் வாரத்தில், மிக நெருக்கடியான நேரத்தில், எதையும் மூடாமல் டாஸ்க் மேனேஜரைத் திறக்கவேண்டும். காலையில் ஆன் செய்தவுடன் பார்த்தால் அது ஒப்புக்கு எடுத்த அளவு. 'இன் யூஸ்' என்பது இப்போது ரேமில் இருப்பது. 'கமிட்டெட்' என்பது எல்லா மென்பொருளுக்கும் சேர்த்து விண்டோஸ் தருவதாக ஒப்புக்கொண்ட மொத்தம். கமிட்டெட், உள்ளே இருக்கும் ரேமைவிட நெடுநேரம் அதிகமாக நின்று, வேலையும் ஊர்ந்தால், மேசை பத்தவில்லை என்று பொருள். என் ஆல்பம் வேலையில் அது 19-க்கும் 22-க்கும் நடுவில் நிற்கிறது. அதனால் எனக்கு 32 சரி. மேக் வைத்திருப்பவர்கள் ஆக்டிவிட்டி மானிட்டரில் மெமரி பிரஷர் என்ற வரைபடத்தைப் பார்த்தால் போதும். பச்சை என்றால் கவலையில்லை, மஞ்சளும் சிவப்பும் அடிக்கடி வந்தால் யோசிக்கவேண்டும்.

முதல் லேப்டாப் வாங்குகிறவர்களுக்கு அளவு ஜாக்கெட் இருக்காது. அப்போது இஞ்ச் டேப்தான். அதே படிப்பில் மேல் வகுப்பில் இருப்பவரிடமோ, அதே வேலை செய்பவரிடமோ போய் அவர்கள் திரையைப் பார்க்கவேண்டும். பொதுவாகச் சொல்வதானால், விண்டோஸ் 11 குறைந்தபட்சம் 4 ஜிபி இருந்தால் போதும் என்கிறது. அது கதவைத் திறக்கப் போதும், குடியிருக்கப் போதாது. கடிதம், கணக்கு, பிரவுசர் என்று இருப்பவர்களுக்கு 8 ஜிபி இன்றைக்கு ஓடும். ஆனால் நான்கைந்து வருடம் வைத்துக்கொள்ள நினைத்தால், ஸ்லாட் இருந்தால் மட்டுமே எட்டு வாங்கலாம். பெரும்பாலோருக்குப் பதினாறு நிம்மதி. ஆப்பிளே 2024 அக்டோபரில் மேக்புக் ஏரின் அடிப்படை ரேமை 8-லிருந்து 16 ஆக்கிவிட்டது. பெரிய அளவில் போட்டோஷாப், 4கே வீடியோ எடிட்டிங், ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொன்றை ஓட்டிப் படிப்பவர்கள் என்றால் 32. கூடவே இரண்டு விஷயம். டிடிஆர்4 ஸ்லாட்டில் டிடிஆர்5 ரேம் பொருந்தாது. ஒரே 16-ஐவிட இரண்டு எட்டாகப் போட்டால், இரண்டு வழியாகப் போய்வருவதால், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்புகளில் வேகம் கூடும்.

போன மாதம் திருவாரூரிலிருந்து ஒரு போட்டோகிராபர் போன் செய்தார். "புது லேப்டாப் எடுக்கப் போறேன்க்கா. பழசு இழுக்குது. எவ்வளவு ரேம் போடலாம்?" என்றார். வாய் வரைக்கும் வந்த எண்ணை விழுங்கிவிட்டு, என்னென்ன வேலை செய்கிறார் என்று கேட்டேன். ஆல்பம் அவர் செய்வதில்லை. படம் பொறுக்கி, நிறம் திருத்தி, என்னைப் போன்றவர்களுக்கு அனுப்புவதோடு சரி. நாளைக்கு வேலை உச்சத்தில் இருக்கும்போது டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள் என்றேன். மறுநாள் இரவு பதினொன்றரைக்கு வந்தது. ரேம் 8 ஜிபி, கமிட்டெட் 12.6, ஃபார்ம் ஃபேக்டர் எஸ்ஓடிஐஎம்எம், இரண்டு ஸ்லாட்டில் ஒன்று காலி.

இன்னொரு 8 ஜிபி டிடிஆர்4 ஸ்டிக் வாங்கிப் போட்டுக்கொண்டார். விலை முன்னைவிட அதிகம்தான். ஆனாலும் புது லேப்டாப் விலையில் அது சொற்பம். பழைய லேப்டாப்பிலேயே இந்த முகூர்த்த சீசனில் மீதமிருந்த வேலையை முடித்துவிட்டார்.